பறவை பார்க்கப் போன இடத்தில் கை தட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் 22 பேர் ஒரு சின்னப் பேருந்து பிடித்து மலேசியாவில் இருக்கிற ஜொகூருக்குப் பறவை பார்க்கப் போய் வந்தோம். எல்லாரும் சிங்கப்பூர் ஈசூனில் பக்கத்துப் பக்கத்து புளோக்கில் இருக்கிற குடும்பங்கள்தான். வழக்கமாக பத்துமலை, கேமரன் மலை என்று போகிறவர்கள், இந்த முறை சேற்றையும் வயலையும் பார்க்கலாம் என்று கிளம்பினோம். நல்ல பயணம். ஆனால் அன்று காலை நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி, பத்து பகாட் வழியாக மூவார் பக்கம் இருக்கிற பாரிட் ஜாவா என்கிற மீனவர் ஊருக்குப் போனோம். அசாம் பெடாஸ் என்கிற புளிப்பும் காரமுமான மீன் குழம்புக்குப் பெயர் போன ஊர் என்று நிறைய பேருக்குத் தெரியும். பறவை பார்க்கிறவர்களுக்கு அது பெருநாரை ஊர். ஆளின் நெஞ்சு உயரம் இருக்கும், வழுக்கைத் தலை, மஞ்சள் கழுத்து, உச்சந்தலையில் நாலு முடி நட்டுக்கொண்டு நிற்கும். மலாய்க்காரர்கள் அதை 'புரோங் போத்தாக்', அதாவது மொட்டைப் பறவை என்கிறார்கள். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒன்று நின்றது. சேற்றில் துள்ளுகிற மீன் ஒன்றை அலகால் பிடித்து, இரண்டு தடவை உதறி, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கியது. மீன் தொண்டைக்குள் இறங்குவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எங்களோடு வந்த தொடக்கநிலை 3 படிக்கும் பையன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கடல் ஏறிக்கொண்டிருந்தது. நீர் ஏற ஏற சேறு சுருங்கும், அதில் மேய்கிற உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி கரையோரப் பறவைகள் எல்லாம் தள்ளித் தள்ளிக் கரைப்பக்கம் வந்துவிடும். கடைசியில் ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது, அதில் நூற்றுக்கணக்கில் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. எங்கள் குழுவிலேயே ஒருவர், பெரிய கேமரா வைத்திருக்கிற நண்பர், பறக்கிற படம் வேண்டும் என்று பலமாகக் கை தட்டினார். அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்து சுற்றின. எல்லாரும் 'ஆ' என்றோம், நானும்தான். இறங்கப் போன நேரத்தில் மறுபடி தட்டினார். அப்புறம் மூன்றாவது முறை. பெருநாரை மெதுவாக எழுந்து அலையாத்திக் காட்டைத் தாண்டிப் போனது, திரும்பி வரவே இல்லை.

என் அம்மாவுக்கு 78 வயது. மன்னார்குடிப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கை தட்டிய நண்பரிடம் சொன்னார்: "தம்பி, விடுங்க. நெல்லத் தின்னா நாங்களும்தான் வெரட்டுவோம். இது யார் சோத்தத் தின்னுது?" அவர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. யாரும் அவருக்கு முன்பே சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை, அதுதான் தப்பு.

பசிபிக் பொன் உப்புக்கொத்தி புறாவைவிடச் சின்னது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் வருகிறது. திரும்பிப் போகுமுன் இந்தச் சேற்றில் கிடைக்கிற புழுவையும் நண்டையும் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். நீர் ஏறியிருக்கிற நேரம் மேய முடியாது, அதுதான் ஓய்வு நேரம். அந்த நேரத்தில் நாம் ஒரு படத்துக்காக எழுப்பிவிட்டால் சேர்த்த கொழுப்பைத்தான் அது செலவழிக்கிறது.

இதற்கு ஜொகூர் வரை போக வேண்டியதில்லை, சிங்கப்பூரில் நம் சுங்கை பூலோ சதுப்பு நிலத்திலும் இதைப் பார்க்கிறேன். 1986இல் பறவை ஆர்வலர்கள் அங்கே இத்தனை பறவை வருவதைக் கண்டு, காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டதால்தான் 1993இல் அது பூங்காவாகத் திறந்தது. 2002இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியும் ஆனது. பழைய இறால் குளங்களின் மதகைத் திறந்து மூடி, வெளியே சேறு முழுகும்போது உள்ளே பறவை நிற்க இடம் இருக்கும்படி நீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மைப் பறவை பார்க்காமல் இருக்கத்தான் துளை வைத்த மரத்தடுப்பு. அதற்கு மேலே கையை நீட்டி கைப்பேசியைப் பிடிக்கிறார்கள், சிலர் பறவைக் குரலைச் சத்தமாகப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். வனவிலங்குக்குத் தீனி போட்டால் அபராதம் என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. எழுப்பி விரட்டுவதும் கெடுதல் என்பது தெரிவதில்லை.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். மதியம் தங்காக் பக்கம் சாவா ரிங் வயல்களுக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். நடுவில் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது, எலி பிடிக்கிற கூகை ஆந்தைக்கு வைத்த கூடு. கூகை அலறினால் ஆகாது என்று ஊரில் கல்லெறிவார்கள், இங்கே வீடு கட்டித் தருகிறார்களா என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

வயலில் இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். ஸ்கோப் என்கிற தொலைநோக்கி வைத்திருந்த பெண் 'சைனீஸ் பாண்ட் ஹெரான்' என்று காட்டியதை 'மடையான்' என்றார். மண் நிறத்தில் வரப்போடு வரப்பாக உட்கார்ந்திருக்கும், எழுந்தால் மட்டும் இறக்கை பளீரென்று வெள்ளை. எங்கள் காலடிக்கு எழுந்துவிடக் கூடாது என்று எல்லாரையும் அங்கேயே நிறுத்திவிட்டார். அறுத்த தாள் நின்ற வயலில் உண்ணிக்கொக்குகள். பக்கத்து வயலில் கதிர் பால் பிடித்திருந்தது, நெல் தின்னும் சில்லைக் குருவிக் கூட்டம் அப்படியே அதில் கவிழ்ந்தது. குடிசையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் கயிற்றை இழுத்தார், வயல் முழுக்கக் கட்டியிருந்த தகர டப்பாக்கள் கடகடவென்று அடித்தன. பத்து வயதில் அம்மா செய்த வேலை. கேட்டுக்கொண்டு போய் அவரும் ஒரு முறை இழுத்தார். அங்கே விரட்டுவது நியாயம், அது அந்த மனிதரின் சாப்பாடு.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இப்போது நம் மன்றங்களும் ஆலயக் குழுக்களும் இப்படி இயற்கைப் பயணம் ஏற்பாடு செய்து உங்கள் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்கிறார்கள். அதில் புறப்படும் நேரம், கட்டணத்தோடு இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பறவையை எழுப்பாதீர்கள், குரல் போட்டுக் கூப்பிடாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் பேருந்து கிளம்புமுன் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும், பாதி வழியில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வயலுக்குப் போகிறவர்கள் வரப்பை விட்டு இறங்க வேண்டாம், நாற்று இன்னொருவருடையது.

மார்ச் முடியுமுன் நாங்கள் சுங்கை பூலோ போகிறோம், நீர் ஏறும் நேரம் பார்த்து. அன்று கை தட்டிய நண்பரும் வருகிறார். எத்தனை மணிக்கு நீர் ஏறும், எந்தத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று கேட்டு நேற்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்