ஜீப்பின் ஹேண்ட் பிரேக்: கைப்பிடி மட்டும் வாங்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஜீப்புகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் மோட்டார் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஒரு வரி மட்டும் உறுத்தியது. ஹேண்ட் பிரேக் கைப்பிடி இல்லாத வண்டிக்குப் பழைய சாமான் கடையில் கிடைக்கிற ஏதாவது ஒன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஷெட்டிலேயே நிற்கிற வண்டி என்றால் சரி. குன்னூரிலோ வால்பாறையிலோ சரிவில் நிறுத்துகிற வண்டிக்கு இந்த யோசனை ஆகாது.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி முதல் மகிந்திரா இங்கே செய்த சிஜே-3பி வரை, இந்த ஜீப்புகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். முந்தைய வண்டிகளில் லைனிங் (உரசிப் பிடிக்கும் பூச்சு) ஒட்டிய பட்டை அந்த டிரம்மை வெளியிலிருந்து இறுக்கும். பிந்தியவற்றில் லைனிங் ஒட்டிய வளைந்த ஷூக்கள் டிரம்முக்கு உள்ளே விரிந்து பிடிக்கும். இவ்வளவு சின்ன டிரம் முழு வண்டியையும் எப்படித் தாங்குகிறது? வில்லிஸ் சிஜே-3பியின் ஆக்ஸில் விகிதம் 5.38; அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். டிரம் பிடிக்கிற பிடி சக்கரத்துக்கு வரும்போது ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஆனால் பிரேக்கை விடுவிக்க மறந்து ஓட்டினால் இதே கணக்கு எதிராகத் திரும்பும். 30 கி.மீ. வேகத்தில் அந்த டிரம் நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று சுற்றும். லைனிங் கருகக் கொஞ்ச தூரம் போதும்.

கைப்பிடி ஏன் காணாமல் போகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே குடைப்பிடி மாதிரி வளைந்திருப்பதை நேராக இழுத்தால், ஒரு குழாய்க்குள் இருக்கும் பல் வெட்டிய தண்டு ஒவ்வொரு பல்லாக வந்து மாட்டிக்கொள்ளும். பிடியைத் திருப்பினால் பற்கள் கொக்கியை விட்டு விலகி, தண்டு உள்ளே போகும். குழாயில் துரு ஏறினாலோ கீழே கேபிள் இறுகினாலோ திருப்புவது கடினமாகும். ஆத்திரத்தில் முறுக்குவார்கள், பிடியையும் தண்டையும் சேர்க்கும் பின் என்கிற சின்ன ஆணி அறுந்து பிடி கையோடு வந்துவிடும். ஆகவே பிடி போன வண்டியில் பெரும்பாலும் கேபிளும் போயிருக்கும்.

அதனால் பாகம் வாங்கப் போகும் முன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, டிரம் பக்கத்து லீவரைக் கையால் இழுங்கள். அது அசைந்து, விட்டதும் ஸ்பிரிங்கில் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். லீவர் நன்றாக அசைந்தும் மேலே தண்டின் நுனியைக் குறட்டால் இழுத்தால் வரவில்லை என்றால், கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. உறை தொய்ந்து தாழ்கிற இடத்தில்தான் தண்ணீர் தங்கும். கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல் வாயில் மெல்லிய எண்ணெயை ஒரு ராத்திரி முழுக்க இறங்க விட்டால் சில சமயம் பிழைக்கும். ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிது போடுங்கள்.

டிரம்மில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக லைனிங்கில்தான் இறங்கும். சீலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடியும் கசியலாம். கேஸின் மூச்சுத் துளை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புதுச் சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுகிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே வரும், பிடி போய்விடும். மாற்றத்தான் வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

இனி கைப்பிடி. தண்டும் பற்களும் நன்றாக இருந்து பிடி மட்டும் இல்லை என்றால் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். தண்டின் விட்டத்தையும் அந்தப் பின் ஆணிக்கான துளையின் அளவையும் வெர்னியரில் அளந்து கொடுங்கள். பிடியைத் தண்டோடு வெல்டு வைக்கச் சொல்லாதீர்கள். சூட்டில் பக்கத்துப் பற்களின் கடினம் போய்விடும், தெறிக்கிற துளி குழாயை அடைக்கும். மரை வெட்டி முறுக்கி மாட்டுவதும் தவறு. விடுவிக்கத் திருப்புகிறபோது பிடியே கழன்று வந்துவிடும். ஊடாக ஒரு ஸ்டீல் பின் அடிப்பதுதான் சரி.

பற்கள் மழுங்கியிருந்தால் குழாய், தண்டு, கொக்கி எல்லாம் சேர்ந்த முழு செட்டாக மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற இடத்தில் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. கடையிலேயே இழுத்துப் பார்த்து, பாதி வழியில் நிறுத்தி, பிடியைத் திருப்பாமல் உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒரு பல் நழுவினாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். கேபிள் நீளமும் போகிற வழியும் நம் வண்டிக்கு ஒத்துவராமல் போகலாம். உறையின் நீளத்தையும் உள்கம்பியின் நீளத்தையும் தனித்தனியே அளந்த பிறகே பணம் கட்டுங்கள்.

காரிலிருந்து எடுத்த லீவரைத் தரையில் பதிக்கிறவர்களும் உண்டு. குடைப்பிடியில் கை இழுக்கிற அளவே கேபிளுக்குப் போகும். தரை லீவரோ கையின் விசையைப் பல மடங்காக்கும். அந்த இழுப்புக்குப் பழைய கேபிள் அறும், கீழ் லீவர் வளையும், துருப்பிடித்த தரைத் தகடு கிழியும். தினமும் ஓடுகிற வண்டியில் தகட்டை வலுப்படுத்திச் செய்தால் குறை சொல்ல மாட்டேன். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 விதிகளின்படி வின்டேஜ் பதிவு கேட்க நினைப்பவர்கள் பழைய அமைப்பையே வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை உறையைக் கட்டாமல் விடுவது. உறையின் இரண்டு முனையும் கிளாம்பில் இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கிறபோது உறைதான் நெளியும், டிரம் பக்கம் லீவர் நகராது. கேபிள் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகக் கூடாது; எங்கேயும் கூர்மையாக மடங்கவும் கூடாது. டாஷ்போர்டுத் தகடு நைந்திருந்தால் பின்னால் 3 மி.மீ. பட்டை வைத்து போல்ட் போடுங்கள்.

சரிசெய்வதை டிரம்மிலிருந்து தொடங்க வேண்டும், கேபிளில் அல்ல. முன் சக்கரங்களிலும் தரையில் நிற்கும் பின் சக்கரத்திலும் கட்டை இருக்க, கியரை நியூட்ரலில் போட்டு, ஃபோர் வீல் டிரைவை விலக்கிவிட்டு, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். அதைக் கையால் சுற்றிக்கொண்டே, லைனிங் லேசாக உரசும் வரை இறுக்கி, உரசல் நிற்கிற அளவு தளர்த்துங்கள். பிறகுதான் கேபிளின் தொய்வை எடுக்க வேண்டும். தண்டு பாதி வருவதற்குள் பிடித்துவிட்டால் சரி, மீதிப் பல் தேய்மானத்துக்கு. தேய்ந்த லைனிங்கின் இடைவெளியைக் கேபிளை இறுக்கி மறைத்தால், இன்றைக்குப் பிடிக்கும், மழைக்காலத்தில் கைவிடும்.

ஜாக்கி போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சரிவில் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் இந்த ஹேண்ட் பிரேக் வண்டியைத் தாங்காது. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ளது மறுபக்கம் உருள, இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல் வழிவிடும். பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதுதான் நடக்கும். கல்லோ கட்டையோ போடாமல் ஜாக்கியைத் தொடக் கூடாது. ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தாலும், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸ் கழன்றாலும் இதே நிலைதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 96-ஆம் விதி, கால் பிரேக், பார்க்கிங் பிரேக் இரண்டையும் கேட்கிறது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் இதற்காகவாவது பார்த்துக்கொள்வது நல்லது. போகும் முன் சரிவில் ஏறுமுகமாக ஒரு முறை, இறங்குமுகமாக ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். பட்டை வகை பிரேக் ஒரு திசையில் கெட்டியாகவும் மறு திசையில் இளக்கமாகவும் பிடிக்கலாம். சோதிக்கும்போது ஒருவர் கால் பிரேக்கை உடனே அழுத்தத் தயாராக இருக்கட்டும், சக்கரத்துக்கு ஓர் அடி தள்ளிக் கட்டை கிடக்கட்டும். புதுக் கேபிள் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும் என்பதால், ஒரு வாரம் ஓட்டிய பிறகு தொய்வை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பழைய ஜீப் பட்டறைக்காரர்,
கோத்தகிரி