கடலடிச் சேற்றில் நம்ம ஊர்க் கல்

ஏற்காடு,
தை 20

அன்புள்ள தோழிக்கு,

ஏம்புள்ள, நலமா? உன் கடிதம் கோவா வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டு அக்கா அதை இங்கே திருப்பி அனுப்பி, நேற்றுதான் கைக்கு வந்தது. நான் மூன்று வாரமாக இங்கே இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார். காப்பி பறிப்பு பாதிதான் ஆகியிருக்கிறது, ஆள் கிடைப்பதில்லை. காலையில் மூடுபனி விலக ஒன்பது மணி ஆகிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் களத்தில் பழத்தைப் பரப்ப முடிகிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் வேலை வாங்குகிறார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

கடல் நீரோட்டம் நின்றுபோனால் உலகம் உறைந்துவிடுமா என்று உன் மகள் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே நீயும் ஒன்று கேட்டிருக்கிறாய்: சேலத்துக்காரி அண்டார்டிக்கா சேற்றைக் கிளறி என்ன கண்டாய் என்று. விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாய். ஆனால் கடலடிச் சேற்றை வைத்துப் பழைய காலநிலையைப் படிக்கும் என் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை என்று ராத்திரி தோன்றியது. அதனால் இந்தக் கடிதம் நீளும்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் சார் நம் வகுப்பை இந்த மலைப் பாதையில் கூட்டிவந்தாரே, நினைவிருக்கிறதா? ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தி, சாலைக்காக வெட்டிய பாறையில் சுத்தியலால் ஒரு சில்லைப் பெயர்த்து உன் கையில் கொடுத்தார். வெளியே பழுப்பேறிக் கிடந்த கல், உடைந்த முகத்தில் நீலம் கலந்த கரும்பச்சையாக, நல்லெண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. சார்னோக்கைட். சென்னைப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போய் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக ஆனது இந்த வகைப் பாறைதான், அதனால்தான் ஹாலந்து என்ற நிலவியலாளர் இதற்கு அந்தப் பெயர் வைத்தார் என்று அன்று சொன்னார்.

போன வருடம் தென் கடலில், அண்டார்டிக்காவுக்குச் சற்று வடக்கே எடுத்த ஒரு 'கோர்' உருளையைப் பிளந்தோம். நீண்ட உலோகக் குழாயைக் கம்பி வடத்தில் கட்டிக் கடலடியில் இறக்கி, உள்ளே சேறு கலையாமல் மேலே இழுப்போம், அந்தச் சேற்று உருளைதான் கோர். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தொடாமல் குளிர் அறையில் வைத்துவிடுவோம். அது எங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு. மறுபாதியில்தான் எங்கள் வேலை. மாவு போல மெத்தென்ற சாம்பல் பச்சைச் சேறு. அதன் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு கல். கழுவித் திருப்பினால் அதே நிறம், அதே எண்ணெய் மினுக்கம். சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தோம். சார்னோக்கைட்டேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை.

கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், அத்தனை மெல்லிய சேற்றுக்குள் கல் எப்படி வந்தது? நீரோட்டத்தால் தூக்கி வர முடியாது. பனியாறு நிலத்தைச் சுரண்டிக்கொண்டு இறங்கும்போது கல் அதில் மாட்டிக்கொள்கிறது. பனியாற்றின் முனை கடலில் உடைந்து பனிமலையாக மிதந்து போகிறது. அது உருகும் இடத்தில் கல் நழுவிக் கீழே விழுகிறது. இப்படிப்பட்ட கற்கள் எந்த ஆழத்தில் கூடுகின்றன, எந்த ஆழத்தில் குறைகின்றன என்று எண்ணினால், எந்தக் காலத்தில் பனி உடைந்து கொட்டியது என்று தெரியும். கிழக்கு அண்டார்டிக்காவும் நம் கிழக்குக் கரையும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டிக் கிடந்து, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அங்கே மாசன் கரையில் இருக்கும் சார்னோக்கைட்டுக்கு வயது ஏறக்குறைய 100 கோடி ஆண்டு. நம் சேர்வராயன் மலைப் பாறைக்கோ 250 கோடி. ஆக உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது. ஒரே வகைப் பாறை, ஒரு காலத்தில் சேர்ந்திருந்த நிலம். எனக்கு அதுவே போதும்.

சேற்றுக்கு வருகிறேன். உங்கள் சேகோ மில் தொட்டியில் மரவள்ளிக் கிழங்குப் பாலை விட்டு அசையாமல் வைத்தால் காலையில் மாவு அடியில் கெட்டியாகப் படிந்து கிடக்கும். நாம் இருவரும் அதில் விரலால் குத்திப் பார்த்து உன் அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். கடலும் அப்படித்தான் படிய விடுகிறது. திறந்த கடலில் பல இடங்களில் ஆயிரம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் சேரும். அதில் பாதி உயிர்களின் ஓடுகள். ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஓடு மணல் அளவுதான் இருக்கும். சேற்றைச் சல்லடையில் கழுவி, மிக மெல்லிய தூரிகையின் ஈர நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம். என் கண்ணாடியின் பவர் ஏறியது இந்த வேலையில்தான்.

அந்த ஓட்டுக்குள் காலத்தின் கணக்கு இருக்கிறது. ஆக்சிஜனில் லேசான வகையும் கனத்த வகையும் உண்டு. கடல் நீர் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் உள்ள நீர் முந்திக்கொள்ளும். பனியுகத்தில் அது மழையாகித் திரும்பி வராமல் நிலத்தின் மேல் பனியாகவே தங்கிவிடும். கடலில் கனத்த ஆக்சிஜனின் பங்கு கூடும், ஓடு கட்டும் உயிர் அதையே எடுத்துக் கட்டும். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இப்படி 4,50,000 ஆண்டுக் கணக்கைப் படித்து, பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறுவதுதான் பனியுகங்களுக்குத் தாளம் போடுகிறது என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு கோர்களும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிடைத்தவை. நம் பாடப் புத்தகத்தில் அந்த வரி இருந்திருந்தால் நான் இன்னும் முன்னாலேயே கடலுக்குப் போயிருப்பேன்.

சரி, உன் மகள் கேட்ட நீரோட்டம், அதாவது ஆழத் தண்ணீர். நம் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் அண்டார்டிக்காவின் லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது, பிரிட்ஸ் விரிகுடாவின் ஓரம். அங்கிருந்து மேற்கே சில நூறு கிலோமீட்டர் போனால் டார்ன்லி முனை. அண்டார்டிக்கா மேட்டிலிருந்து இறங்கும் காற்று கடல் மேல் உறைந்த பனியை ஓயாமல் தள்ளிக்கொண்டே போகிறது. திறந்த நீர் மறுபடி உறைகிறது, மறுபடி தள்ளப்படுகிறது. கடல் நீர் உறையும்போது உப்பு பனிக்குள் போகாது, கீழே இருக்கும் நீரில்தான் சேரும். குளிரும் உப்பும் கூடிக் கனத்த அந்த நீர் கடலடிச் சரிவில் வழிந்து இறங்கி, அப்படியே வடக்கே ஊர்ந்து வருகிறது. வெட்டெல் கடல், ராஸ் கடல், அடேலி கரை என்று இன்னும் சில இடங்களிலும் இது நடக்கிறது. டார்ன்லி முனையும் அப்படி ஓர் ஊற்று என்று 2013-இல்தான் உறுதியானது. கன்னியாகுமரியில் நம் காலை நனைத்த கடலின் ஆழத்தில், அந்த வெயிலுக்கு அடியில், தண்ணீர் 2 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குளிர் தெற்கிலிருந்து வந்தது. வந்து சேர நூற்றாண்டுகள் ஆகியிருக்கும்.

இந்த ஓட்டம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. கடலடிச் சேற்றின் துகள்களுக்கு இடையே சிறைப்பட்ட நீரைப் பிழிந்து எடுத்து அளந்தார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகக் கடல் அதில் இன்னும் தங்கியிருக்கிறது. அப்போது ஆழக் கடல் உறையும் நிலைக்கு மிக அருகில் இருந்திருக்கிறது, தெற்கு ஆழம்தான் மிக உப்பாக இருந்திருக்கிறது. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. அந்தக் கனத்த நீர் அடியில் தேங்கி, கரியமில வாயுவைத் தன்னோடு பூட்டி வைத்துக்கொண்டது என்பதுதான் எங்களில் பலருடைய எண்ணம். பனிப் பாளத்துக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழிகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 180 அளவு, பனி விலகிய பின் 280. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எபிகா என்ற ஐரோப்பியக் குழு அண்டார்டிக்காவின் டோம் சி-யில் துளைத்து எடுத்த 8 லட்சம் ஆண்டுப் பனியில் இதன் அருகில்கூட ஓர் எண் இல்லை.

பனியுகம் முடியும்போது தென் கடலில் டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் திடீரெனக் குவிந்திருக்கின்றன. அடியில் கிடந்த சத்து நீர் மேலே கொப்பளித்து, பாசி செழித்ததன் அடையாளம் அது. அடைத்த பானையின் மூடி திறந்தது. அதே காலத்தில் வட அட்லாண்டிக்கில் உருகிய பனி நீர் கொட்டி, அங்கே நீர் அமிழ்வது தளர்ந்தது. நம் பருவமழையும் அப்போது மெலிந்தது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகையில் சொட்டிச் சொட்டி வளர்ந்த கல்லில் அது பதிந்திருக்கிறது. நீலகிரியில் சதுப்பின் அடியில் கிடக்கும் கரிமண்ணை ஆராய்ந்து சுகுமார் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1993-இல் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புல்லுக்கும், ஈரத்தில் செழிக்கும் செடி மரங்களுக்கும் கார்பனின் லேசான, கனத்த வகைகள் வேறு வேறு விகிதத்தில் இருக்கும். அதை வைத்து, பனியுக உச்சத்தில் நீலகிரி வறண்டு புல்வெளியாகிப் பின் ஈரமானதைக் கண்டார்கள். இதோ இங்கிருந்து மேற்கே பார்த்தால் அந்த மலைதான். உன் கேள்விக்கு என் பதில் இதுதான், பிள்ளை. அந்தச் சேற்றில் நம் மழையின் பழைய கணக்கும் சேர்ந்து கிடக்கிறது.

உன் மகளிடம் உலகம் உறையாது என்று சொல். காற்றில் இத்தனை கரியமில வாயு இருக்கும்போது பனியுகம் வராது. என் பயம் வேறு. அண்டார்டிக்காவின் அடித்தள நீர் பல பத்தாண்டுகளாகக் குறைந்தும் சூடேறியும் வருவதை அளந்திருக்கிறார்கள். உருகும் பனியின் நன்னீர் கடலில் கலந்தால் உப்பின் கனம் குறைந்து நீர் அமிழ மறுக்கும். 2050-க்குள் இந்த ஓட்டம் 40 சதவீதம் குறையலாம் என்று 2023-இல் ஒரு கணினி மாதிரி காட்டியது. மாதிரி மாதிரிதான், எண் மாறலாம். ஆனால் ஆழத்துக்கு உயிர்க்காற்று கொண்டுபோகும் ஓட்டம் தளர்ந்தால், அதை மறுபடி முடுக்க நம் ஆயுளோ அவள் ஆயுளோ போதாது. அவளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்றாயே, இதைப் படிக்க வரச் சொல். நான் கூட இருப்பேன்.

அப்புறம், ஒரு வருத்தம். போன வாரம் இந்தப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். அவர்களிடம் மிகப் பழைய மழைப் பதிவேடுகள் இருந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். கேட்டால், அலுவலகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். திரும்பி வரும் வழியெல்லாம் என்னால் பேச முடியவில்லை. கடலடியிலிருந்து ஒரு முழம் சேறு எடுக்க எத்தனை நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு போகிறோம்! இங்கே கையால் எழுதி வைத்தது கிலோ கணக்கில் போய்விட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவின் நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. தினம் காலை எட்டு மணி, அங்குலமும் அதன் நூறில் ஒரு பங்கான சென்ட்டும். அவர் போன பிறகு அம்மா விடாமல் எழுதுகிறார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் மழைமானியை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். 1952-இல் டென்மார்க் விஞ்ஞானி டான்ஸ்கார்ட் தன் தோட்டத்தில் ஒரு பீர் பாட்டிலில் புனல் வைத்து மழை நீர் பிடித்தார். மழையின் ஆக்சிஜன் எடை மேகத்தின் வெப்பத்தைப் பொறுத்து மாறுவதை அப்படித்தான் பிடித்துக்கொண்டார். கிரீன்லாந்துப் பனியைப் படிக்கும் வழி அங்கிருந்து வந்தது. நானும் களத்து ஓரம் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை வந்ததும் இறுக மூடி எடுத்து வைக்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். உன் அப்பா மில்லில் கிழங்கு வரத்துப் பேரேட்டின் ஓரத்தில் மழையையும் குறித்து வைப்பார், நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேரேடுகள் பரணில் இருக்கின்றனவா என்று அண்ணனிடம் கேள். செல் அரித்திருந்தாலும் தட்டி எடுத்து வை, தூக்கிப் போட விடாதே. பூ மழை பெய்து பத்து நாளில் காப்பி பூத்து மலையே மணக்கும், அப்போது மகளோடு வா. வரும்போது பேரேடுகளையும் கொண்டுவா, அம்மாவின் நோட்டுகளோடு வைத்துப் பார்க்கலாம். வரும் வழியில் சேலத்தில் தட்டுவடை செட் வாங்கி வர மறக்காதே, அம்மா கேட்கிறார்.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி