பலகையைத் திருப்பித் தந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டரை வருடமாக "முடிந்ததா, முடிந்ததா" என்று கேட்டுச் சலித்தவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: நான் செய்துகொண்டிருந்த வயோல் என்ற பழைய நரம்பு வாத்தியம் முடிந்துவிட்டது, நரம்பு கட்டியாயிற்று, சத்தமும் வருகிறது.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த பேஸ் (தாழ்ந்த சுருதி) வயோல் ஒன்றைப் பார்த்துச் செய்தது இது. ('வயல்' என்றால்தான் உச்சரிப்புக்கு நெருக்கம், ஆனால் அப்படி எழுதினால் நெல்லா கரும்பா என்று கேட்பீர்கள்.) பெரிய வயலின் போன்ற செல்லோ மாதிரி முழங்கால்களுக்கு நடுவே பிடித்து வில்லால் வாசிப்பது, ஆனால் கீழே ஊன்றும் கம்பி கிடையாது. ஆறு நரம்பு, கழுத்தில் ஏழு மெட்டு. வீணையில் இருப்பது போல உலோக மெட்டு இல்லை, ஆட்டுக்குடலில் திரித்த நரம்பையே கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியது.

அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய கருவியைப் பராமரிக்கும் நண்பருக்கு முதல் நன்றி. வரைபடம் கொடுத்ததோடு அவர் என்னை விட்டிருக்கலாம். நான் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் எழுதினார், அதில் ஒன்று என் ஆறு மாத வேலையைக் காப்பாற்றியது: "அந்தக் கழுத்தை நகலெடுக்காதீர்கள், அது பின்னால் யாரோ மாற்றியது." பழைய வயோல்களில் நிறைய இப்படித்தான், வயோல் மவுசு போன பிறகு செல்லோவாக மாற்றப்பட்டவை. கழுத்து போனது, நரம்பை முறுக்கும் பிரடைகள் நான்காகக் குறைந்தன.

அப்புறம் என் ஆசான். மேல்பலகையை வயலினுக்குச் செய்வது போலத் தடித்த ஸ்ப்ரூஸ் மரப் பலகையிலிருந்து நான்கு மாதம் குடைந்து செதுக்கிக் கொண்டுபோனேன். விரலால் தட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பித் தந்தார். "நீ பார்த்துச் செய்கிற கருவி குடைந்ததில்லையே, வளைத்தது." விடுவேனா? வயோல் வாசிப்புக்கே நூல் எழுதிய கிறிஸ்டோபர் சிம்சனே 1659இல் குடைந்த பலகைதான் வயலின் போல் சுறுசுறுப்பாகப் பேசும் என்று எழுதியிருக்கிறாரே என்றேன். "சரி, அப்போது சிம்சன் சொன்ன கருவியைச் செய். இதைச் செய்வதென்றால் இதைச் செய்." அவ்வளவுதான். அடுத்த வாரமே ஐந்து பட்டைகள் அறுத்து, நனைத்து, சூடான இரும்பில் ஒவ்வொன்றாக வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது பட்டை என் கையிலேயே படக்கென்று முறிந்தது, அதற்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ் வீட்டு அம்மாவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். வஜ்ஜிரப் பசை காய்ச்சும் வாடையை இத்தனை நாள் பொறுத்தவர் அவர். அறுபது டிகிரி பக்கம் வைத்திருந்தால் பரவாயில்லை, ஒருநாள் மறந்து கொதிக்க விட்டேன், பசையும் கெட்டது, மாடிப்படி முழுக்க மாட்டுத்தோல் நாற்றம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை ஏன் போடக்கூடாது என்று நியாயமாகவே கேட்டார். அம்மா, பின்பலகையை நான் கோணலாக ஒட்டிய அன்று, கொஞ்சம் வெந்நீரும் மெல்லிய கத்தியும் வைத்து ஒரு மணி நேரத்தில் சேதமில்லாமல் பிரித்தேன். அந்த வாடை இதற்குத்தான்.

கடைசியாக, முதன்முதலில் வாசித்துப் பார்த்த தோழி. மரியாதைக்குக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர். நான்காம் நரம்பு தொண்டை கட்டிய மாதிரி இருக்கிறது என்றார். உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு குச்சியை (சவுண்ட் போஸ்ட்) ஒலித்துளை வழியாக ஒரு மயிரிழை நகர்த்துவது, அவர் வில் போடுவது, தலையாட்டுவது, மறுபடி நகர்த்துவது என்று மாலை முழுக்கப் போனது. ஏழு மணி வாக்கில் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தார். நான் விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

மேல் நரம்பு ஏற்கெனவே இரண்டு முறை அறுந்துவிட்டது, குடல் நரம்பென்றால் அப்படித்தான். குடைந்து செதுக்கிய அந்த முதல் பலகை பட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஆசான் வருவதாக இருந்தால் மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.