கோழிப்பண்ணையாளர் சங்கம்: 2024-25 செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை, திருவட்டார், குலசேகரம், மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம். குளித்து உடை மாற்றி, பண்ணைச் செருப்பைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று அழைப்பில் கேட்டிருந்தோம். அப்படியே வந்ததற்கு நன்றி. இத்தனை பண்ணைக்காரர்கள் ஒரே அறையில் கூடும்போது, ஒருவர் ஷெட்டிலிருந்து இன்னொருவர் ஷெட்டுக்கு நோய் போக நம் செருப்பே போதும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம்மிடம் குஞ்சு இறக்கி வளர்க்கக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு, வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் ஆன்டிபயாட்டிக் மருந்துதான். ஆகவே அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் என் பண்ணையில் நடந்தது. போன இடவப்பாதியில், அதாவது ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழையில், மூன்றாவது வாரத்துக் குஞ்சுகள் ராத்திரியில் குறட்டை விடுவதுபோல் சத்தம் எழுப்பின. பயந்துபோய் ஒரு மருந்துக் கடைக்கு ஓடினேன். டாக்டர் சீட்டு கேட்காமலே மூன்று வகைப் பவுடர் கொடுத்தார்கள். மூன்றையும் தண்ணீரில் கலந்து கொடுத்தும் சாவு நிற்கவில்லை. கடைசியில் செத்த கோழிகளைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போய்ப் போஸ்ட்மார்ட்டம் செய்தபோது ராணிக்கெட் என்றார், நம் வழக்கில் வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. நான் கொட்டிய பணத்தைவிட, தேவையே இல்லாத மருந்தை ஒரு ஷெட் முழுக்கக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது? மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார், தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டபோது காரணம் பிடிபட்டது. தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டு வந்தேன். தடுப்பு மருந்து கலந்த அன்றும் அதே தண்ணீர்தான். வெள்ளைக்கழிச்சலுக்குக் கொடுக்கும் லசோட்டா என்ற தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ், குளோரின் பட்டால் செத்துவிடும். ஆகவே தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுப்பதற்கு 2 நாள் முன்பே குளோரினை நிறுத்துங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடரைத் தண்ணீரில் கலந்துவிட்டு அதன் பிறகு மருந்தைக் கலக்குங்கள். கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் எடுத்து வாருங்கள். கலந்த தண்ணீரைக் கோழிகள் 2 மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.

அப்புறம் கூளம், அதாவது ஷெட் தரையில் கோழிகளுக்கு அடியில் நாம் பரப்பும் நார்த்தூள். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நாமக்கல், பல்லடம் பக்கத்துக் காய்ந்த காற்று நமக்குக் கிடையாது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஷெட்டில் வெயிலும் படாது. சாரல் அடிக்கிறது என்று நான்கு பக்கமும் படுதாவை இறக்கிவிடுகிறோம். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயில் ஒழுகும் தண்ணீரையும் எச்சத்தையும் தும்பு ஆலை நார்த்தூள் குடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டே நாளில் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். நமக்கே கரிக்கும்போது, கூளத்தோடு மூக்கை வைத்திருக்கும் குஞ்சின் நிலையை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாய்க்குள் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. அமோனியா அவற்றை அழித்துவிட்டால் எச்சத்தில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா நேராக நுரையீரலுக்கும் காற்றுப் பைகளுக்கும் போகிறது. அதற்குப் பிறகு நாம் வாங்கும் மருந்து, உண்மையில் ஈரக் கூளத்துக்கும் மூடிய படுதாவுக்கும் நாம் கட்டும் அபராதம்.

கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் அன்றே கிளறிச் சுண்ணாம்புத்தூள் கலக்க வேண்டும், நிப்பிளின் உயரத்தையும் ஒழுக்கையும் பார்க்க வேண்டும். மழையிலும், காற்று அடிக்காத பக்கத்துப் படுதா மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். ஒரு பேட்ச் போனதும் 2 வாரமாவது ஷெட் காலியாகக் கிடக்கட்டும். கம்பெனி குஞ்சு இறக்க அவசரப்படுத்தினால் சங்கத்திடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம். கோழி பிடிக்க வருகிறவர்களின் கூடையும் செருப்பும் பத்துப் பண்ணை ஏறி இறங்கியவை. வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, அதைத் தினமும் மாற்றினால்தான் பயன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுப்பதை நிறுத்தி இத்தனை நாள் கழித்துத்தான் கோழியை இறைச்சிக்கு அனுப்பலாம் என்ற கணக்கு லேபிளில் இருக்க வேண்டும். அப்படி எதுவும் குறிப்பிடாத மருந்தென்றால், 2012-இல் வந்த மருந்து விதித் திருத்தப்படி கோழி இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். நம் பிராய்லர் 40 நாளில் லாரி ஏறிவிடுகிறது. அதாவது, 12-ஆம் நாளுக்குப் பிறகு அந்த மாதிரி மருந்தைத் தொட்டாலே கணக்கு இடிக்கும். நம்மில் எத்தனை பேர் 30-ஆம் நாளில் பவுடர் கலக்கியிருக்கிறோம் என்று அவரவர் மனதுக்குத் தெரியும். அந்தக் கோழியை வாங்கிப் போவது நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கும் தீவனத்துக்கும் தயாரித்து விற்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. வேறு மருந்து எதுவும் கேட்காத நிலையில் ஐ.சி.யூ. நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. அதைச் சமாளிக்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பதைச் சீனாவில் 2015-இல் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கண்டுபிடித்தார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் 2025 மார்ச்சில் தடை வந்துவிட்டது. பழைய டப்பா எதுவும் ஷெட்டில் இருந்தால் அதைக் கலக்க வேண்டாம்.

கோழி எரு பற்றி ஓர் உறுப்பினர் கேட்டது நல்ல கேள்வி. நாம் ஏத்தன் வாழைக்குக் கொடுக்கும் எருவில் மருந்தின் மிச்சமும் மருந்துக்கு அடங்காத கிருமியும் போகலாம். குவித்து மூடி, சூடேறி மட்கிய பிறகே தோட்டத்துக்குக் கொடுங்கள். செத்த கோழியைக் கால்வாயில் எறிவதை அடியோடு நிறுத்துவோம். கேரள எல்லை தாண்டி வரும் கழிவு லாரிகளைப் பிடிக்கச் சொல்லி மனு கொடுக்கும் நாமே அதைச் செய்தால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஆழமான குழியும் மூடியும் சுண்ணாம்பும் ஒவ்வொரு பண்ணையிலும் வேண்டும்.

செயற்குழுவின் தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். போஸ்ட்மார்ட்டம் செய்து, மருத்துவர் சீட்டு எழுதினால் மட்டுமே ஆன்டிபயாட்டிக் வாங்குவது. கம்பெனி சூப்பர்வைசர் பெயரில்லாத பொட்டலம் தந்தால், மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்வது. பேட்ச் வாரியாகக் குஞ்சு வந்த நாள், தடுப்பூசி, மருந்தின் பெயர், நிறுத்திய நாள், கோழி ஏற்றிய நாள் எல்லாவற்றையும் நோட்டில் குறிப்பது. என் பண்ணையின் அந்த மழைக்கால பேட்ச்சை மாதிரிக்காக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், கலக்கிய மூன்று பவுடரின் பெயரும் அதில் உண்டு. நோட்டுகள் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்