ஏசி பாயிண்ட்டுக்கு முன் காற்றின் வழியைக் கேளுங்கள்

புதுச்சேரி வட்டாரத்தில் வீடு கட்டித்தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

லாஸ்பேட்டையில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது எங்கள் பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஏசி பாயிண்ட் வேண்டும்?" என்பதுதான். மூன்று என்றோம், குறித்துக்கொண்டார். கடற்காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கேட்காத கேள்விக்குத்தான் இன்றுவரை மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

குடிபோன முதல் ஐப்பசியில் பீரோவைத் திறந்தேன். என் கல்யாணப் பட்டின் மடிப்பு முழுக்கச் சாம்பல் தூவியதுபோலப் பூஞ்சை. பீரோவை நகர்த்தினால் பின்சுவரிலும் அதே சாம்பல், உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாக. தரையிலிருந்து சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்றார் பெயின்டர். ஆனால் அது மாடி அறை. மேலே கசிவும் இல்லை. இரவெல்லாம் 20 டிகிரியில் ஏசி ஓடிக் குளிர்ந்த சுவரில், பகலில் கதவைத் திறந்ததும் கடலோரத்து ஈரக்காற்று வந்து படிந்திருக்கிறது. செம்புச் சொம்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெளியே வியர்க்கிறதே, அதுதான்.

ஒரு மாலை நான்கு மணிக்கு, ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு அறை அறையாகப் போனேன். வெளியே தென்னை மட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னலருகே வத்தியைப் பிடித்தால் புகை நேராக மேலே போய்க் கூரையடியில் தேங்கி நின்றது. காற்று உள்ளே வர ஒரு வாய் இருந்தது, வெளியே போக எதிர்ச்சுவரில் வழி இல்லை. எதிர்ச்சுவர் முழுக்க அலமாரி அடித்திருந்தோம். அந்தக் காலத்தில் ஜன்னலின் மேல்விட்டமான லிண்டலுக்கு மேலே வைத்த வெண்டிலேட்டரும் இல்லை. ஏசி வைத்தால் குளிர் வெளியேறிவிடும் என்று அடைத்துவிட்டார்கள்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பித் தருகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. மூன்று பேர் கதவடைத்துத் தூங்கும் அறையில் விடிவதற்குள் அது எளிதில் 2000-ஐத் தாண்டும். காலையில் தலை கனப்பதாகப் பிள்ளைகள் சொன்னால் ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். மூச்சுக்குப் புதுக்காற்று இல்லாததை யாரும் நினைப்பதில்லை.

என் அத்தை மகள் பிரான்சில் வீடு கட்டினாள். நம் ஊரில் பாதித் தெருவுக்கு அங்கே உறவு உண்டு, அவர்கள் அனுப்பும் யோசனைகள் உங்கள் மேசைக்கும் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன். அங்கே 2022 முதல் புது வீடுகளுக்குக் கடுமையான எரிசக்தி விதி. காற்றுக் கசிவைக் கருவி வைத்து அளந்து பார்க்கிறார்கள். அவள் வீட்டைச் சூடாக்குவது ஹீட் பம்ப்: நம் ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல, வெளிக்காற்றின் சூட்டை இழுத்து உள்ளே கொடுக்கும், தின்னும் மின்சாரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் தரும். கூடவே, வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் ஒரு பெட்டி. "நீயும் அதை வை" என்றாள். வெளியே பூஜ்யம், உள்ளே இருபது என்றிருக்கும் ஊரில் அந்தப் பெட்டி போட்ட காசை மீட்கும். வெளியே 34, உள்ளே 26 என்றிருக்கும் நம் ஊரில் மீட்க அவ்வளவு இல்லை. இங்கே எதிரி ஈரம். நமக்கு வேண்டிய சூடு குளிக்கும் வெந்நீருக்கு மட்டும்தான், அதை மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அவள் வீட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சமையலறை, குளியலறைக் காற்றை ஒரு சின்ன ஃபேன் இரவும் பகலும் மெதுவாக வெளியேற்றுகிறது; படுக்கையறை வழியாகப் புதுக்காற்று வருகிறது. அங்கே 1982-இலேயே விதியாகிவிட்ட பழக்கம் இது. எங்கள் வீட்டுக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனோ ஒரு மூடிய குழிக்குள் ஊதிக்கொண்டிருந்தது. வெளிச்சுவரில் நான்கு அங்குல ஓட்டை போட்டுக் குழாயை நீட்டியபிறகுதான் கண்ணாடியில் ஆவி நிற்பது நின்றது.

ஜன்னல் கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் உங்களிடம் முக்கியமாகக் கேட்க வேண்டும். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வீட்டு எரிசக்தி விதியான ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா, நம்மைப்போன்ற வெப்ப ஈரப் பகுதிகளுக்குத் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் என்கிறது. ஆறில் ஒரு பங்கு. அது பெரிய மனைகளுக்கு வந்த விதி, வீடு முழுமைக்கும் சேர்த்துப் பார்ப்பது. எங்களைப்போன்ற சின்ன மனைக்காரர்களை அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வியர்வைக்குப் பெரிய மனை, சின்ன மனை தெரியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி வேண்டும். நீங்கள் எங்களுக்கு வைத்தது நான்குக்கு நான்கு யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். பார்க்க 16 சதுர அடி. ஒரு பக்கத்துக் கதவு மறுபக்கத்தின் மேல் ஏறி நிற்பதால் திறப்பது எட்டுதான். அதே அளவில் கதவுபோல வெளியே திறக்கும் ஜன்னல் வைத்தால் 14 கிடைக்கும். மீதிக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெண்டிலேட்டர் போதும்.

அதே விதி கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை விடும். கத்திரி வெயில் நாளொன்றில் ராத்திரி பத்து மணிக்குக் கட்டில்மேல் ஏறித் தளத்தைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு தணியவில்லை. அந்தச் சூட்டோடுதான் ஏசி விடிய விடிய மல்லுக்கட்டுகிறது. தளத்துக்கு மேல் வெப்பம் தடுக்கும் பலகை, அதற்கு மேல் வெள்ளை ஓடு. இவற்றை முதலில் போட்டுவிட்டு, பிறகு எத்தனை டன் ஏசி என்று பேசலாம்.

இதெல்லாம் புதிய வித்தையும் இல்லை. அரவிந்தர் ஆசிரமம் 1937-இல் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். வடக்கும் தெற்கும் பார்த்த நீள முகங்கள், கண்ணாடிக்குப் பதில் திருப்பிவிடும் பட்டைகள், தளத்துக்கு மேல் இன்னொரு வளைவுக்கூரை, நடுவே காற்று. நம் தமிழ்த் தெருக்களின் பழைய வீடுகளில் முற்றம் சூட்டை மேலே அனுப்பிவிடும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் இரவுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத நாட்களில், முத்தியால்பேட்டையில் முற்றம் வைத்த எங்கள் சித்தப்பா வீட்டில்தான் எங்கள் அம்மா தூங்கினார். எங்கள் புது வீட்டில் அவருக்கு மூச்சு முட்டியது.

ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் அறையை நன்றாக மூடி, புதுக்காற்றுக்கு மட்டும் ஒரு சின்ன வழி விட்டு, ஐந்து நட்சத்திர ஏசி வைத்து, 26-இல் ஓடவிட்டு, மேலே மின்சாரம் குறைவாகத் தின்னும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் சுற்றினால் போதும். மற்ற அறைகள் காற்றில் வாழட்டும்.

என் தம்பி அரியாங்குப்பத்தில் மனை வாங்கியிருக்கிறான். தை மாதம் கடைக்கால் போட எண்ணம். உங்களில் யார் வரைபடம் போட வந்தாலும், மாலை நான்கு மணிக்கு வாருங்கள். உங்கள் தாளில் வடக்குக்கு அம்புக்குறி இருக்கும். அதன் பக்கத்தில் காற்றுக்கும் ஒன்று போட வேண்டும். ஊதுவத்தி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
லாஸ்பேட்டையில் வசிக்கும் ஒரு வீட்டுக்காரி