அந்தக் கமக்காரருக்கும் பேச்சைக் கொடுங்கள்

திருகோணமலையில் கலைவிழாக்களுக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கும் நடிக்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். அண்மையில் நகரத்தில் ஒரு கலைவிழாவுக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தம்பலகாமத்தில் இன்றைக்கும் வயல் செய்கிறவர். நாடகத்தில் ஒரு கமக்காரர் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, முன்பல்லில் கரி பூசி, வாயைப் பிளந்தபடி. ஒரு சொல் பேச முதலே சபை சிரித்தது. அப்புறம் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தார், லிஃப்டுக்குள் ஏறப் பயந்தார். அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த வேலை. மாமா தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்தார். வீடு வந்து சேரும்வரை அதைத் திரும்பப் போடவேயில்லை.

ஊராளை வைத்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நான் சிரிக்கப் பழகியதே சவாரித்தம்பரோடுதான். பம்பாய்க்குப் போய்ப் படித்து வந்த கரவெட்டிக்காரர் சிவஞானசுந்தரம் கேலிச்சித்திரத்தில் கீறிய ஊராள் அவர். 1963இல் சிவஞானசுந்தரம் தொடங்கிய சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழ்கள் கொஞ்சம் மாமா வீட்டு றங்குப்பெட்டிக்குள் கிடந்தன, பாச்சா உருண்டை மணத்தோடு. தம்பரும், அவர் கீறிய இன்னொரு ஆளான சின்னக்குட்டியும் அசல் யாழ்ப்பாணத்து ஊர்ப்பேச்சுத்தான் பேசுவார்கள். ஆனாலும் தம்பலகாமத்து மாமா இதழின் பக்கத்தில் விரலை வைத்து, "இவர் எங்கட ஆள்" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். தம்பர் பகிடி விடுகிறவர். படித்தவர்களின் பகட்டும் அவர் வாயில் அகப்படும். உங்கள் கமக்காரருக்கு வாயைப் பிளக்க மட்டும்தான் விட்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஆட்களிடம் பேச்சா இல்லை? கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், யானை, நெல் விலை, எதைத் தொட்டாலும் பகிடி வரும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது வயிறு எரிந்துகொண்டே வரம்பில் நின்று அவர்கள் விட்ட பகிடிகள் ஒரு நாடகத்துக்குக் காணும். அதில் ஒன்றைக்கூட நான் மேடையில் கேட்கவில்லை.

பழைய சிரித்திரன்கள் நூலகம் இணையத்தளத்தில் இருக்கின்றன. பிள்ளைகளோடு இருந்து ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். அடுத்த ஒத்திகைக்குச் சொல்லுங்கள், மாமாவைக் கூட்டி வருகிறேன். சால்வையை எப்படிப் போடுவது, உழுது களைத்தவன் வரம்பில் எப்படிக் குந்துவது என்று அவரே காட்டித் தருவார்.

அன்புடன்,
தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவரின் மருமகள்