அமேஸிங் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள கயல்,

நேற்று நீ அனுப்பிய படத்தை நானும் அப்பாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை மேஸுக்குள், வழி தெரியாமல் சுற்றவைக்கும் அந்தச் சிக்கல் பாதையில், உன் தலைக்கு மேல் வளர்ந்த செடிவேலிக்கு நடுவே நிற்கிறாய். கீழே ‘அமேஸிங்’ என்று ஒரே சொல். மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்து வேலை, 300 வருஷம் கழித்தும் ஆட்களைச் சுற்றவிடுகிறதே என்றார் அப்பா. எனக்கு அந்தச் சொல்லை விட்டு மனசு நகரவில்லை.

மேஸ், அமேஸ் இரண்டும் ஒரே வேரில் வந்தவை, தெரியுமா? பழைய ஆங்கிலத்தில் அமாசியன் என்றால் புத்தி தடுமாற வைப்பது. மேஸ் என்பதும் முதலில் மனக்குழப்பம்தான். சிக்கலான பாதைக்கு அது பெயரானது அப்புறம். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு மிகவும் ‘அமேஸ்ட்’ ஆனார் என்று மாற்கு எழுதுகிறார். அங்கே வியப்பே இல்லை. நம் தமிழ் பைபிள் அந்த இடத்தில் ‘திகிலடையவும்’ என்கிறது.

நம்மிடமும் இப்படித்தான். மனசில் எழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் வியப்புக்கு வைத்த பெயர் மருட்கை. மருள் என்றால் மயக்கம், கலக்கம். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கினால் வரும் என்கிறார். பெரியதைப் பார்த்து வாய் பிளக்காதவர் யார்? சிறியதும் மனிதரை மருட்டும் என்று கண்டு சொன்னாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

உனக்கு நாலு வயசில், நம்ம ஊர்த் தேரோட்டத்தன்று என் கையை விட்டுவிட்டாய். ஈரக்குலை நடுங்கத் தேடினேன். நிலைக்கு வந்து நின்ற தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் பொரிப் பொட்டலத்தோடு அண்ணாந்து நின்றாய். பொரி பாதி தரையில். நீ அழவில்லை. அம்மா என்று கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் முகம் கோணி அழத் தொடங்கினாய். அதுவரை உன் முகத்தில் இருந்தது பயமா வியப்பா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். மருட்கை என்ற சொல்தான் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

சரி, அந்த வேலிக்குள் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தாயா? அப்போது மனசு எப்படி இருந்தது? ஒரே சொல்லில் முடிக்காமல், கொஞ்சம் விரிவாக எழுது கண்ணு.

அம்மா